பொறியை வென்ற பேராசிரியர்: ஜகதீச சந்திர போஸ்

உப்புக் காற்று ஓயாது வீசும் நெடுந்தீவிலே இரும்பு நெடுநாள் இரும்பாய் இருப்பதில்லை. கதவின் பிணைச்சலும், துவிச்சக்கர வண்டியின் சங்கிலியும், வள்ளத்து இயந்திரத்தின் திருகாணியும் துருவேறித் தேய்வதை இத்தீவின் சிறுவரும் அறிவர். ஆனால் வீட்டுச் சுவரிலே பொருத்திய மின் ஆளியின் உள்ளே நிகழும் தேய்வைக் கண்டவர் சிலரே. இருளில் நின்று ஆளியை அணைக்கும்போது, அதன் இடுக்கிலே நீலநிறப் பொறியொன்று கணநேரம் தோன்றி மறைவதைச் சிலர் கண்டிருக்கலாம். சுவிச்சு என்று ஊரார் வழங்கும் அவ்வாளியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அப்பொறியே. துரு வெளியிலிருந்து வருவது. பொறியோ ஆளி தன் தொழிலைச் செய்யுந்தோறும் உள்ளிருந்தே பிறப்பது.

இரண்டு உலோகங்கள் தொடுமிடத்தையும், அவை பிரியுமிடத்திற் பாயும் பொறியையும், அப்பொறியால் உலோகத்தின் முகத்துக்கு வரும் கேட்டையும், ஈரக் காற்றிலே தொடுகை பழுதுறுவதையும் தம் வாழ்நாளின் நல்ல பகுதியிலே நுணுகி ஆராய்ந்த பெரியார் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். அவரே ஜகதீச சந்திர போஸ். செடிகொடிகளின் உணர்ச்சியை உலகுக்குக் காட்டியவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அப்புகழுக்கு அவரை இட்டுச் சென்ற வழி, உலோக முனைகளோடு அவர் நடத்திய இப்போராட்டமேயாகும். ஆதலின் அவர்தம் வரலாற்றை அவ்வழியே நின்று கூறுதல் நம் கல்லூரி விழா மலருக்குப் பொருந்தும் என்று கருதுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் மைமன்சிங்கிலே பிறந்தார். முன்னோர் ஊர் டாக்காவை அடுத்த விக்கிரமபுரிப் பகுதியிலுள்ளது. அவ்விடங்கள் இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்தவை. தந்தையார் பகவான் சந்திர போஸ் பிரம சமாசத்தைச் சார்ந்தவர். பரீத்பூரிலே துணை நீதவானாகப் பணிபுரிந்தவர். பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே மதிப்பெனக் கருதப்பட்ட அக்காலத்தில், அவர் தம் மைந்தனைத் தாய்மொழிப் பாடசாலைக்கே முதலில் அனுப்பினார். அங்கே ஜகதீசருக்கு ஒருபுறம் ஏவலாளன் ஒருவனின் மகனும், மறுபுறம் மீனவன் ஒருவனின் மகனும் உடனிருந்து படித்தனர். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அத்தோழர் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தம் உள்ளத்தில் விதைத்தன என்று அவர் பிற்காலத்திலே நினைவுகூர்ந்தார்.

சிறுவனைப் பள்ளிக்குத் தூக்கிச் சென்ற பணியாளன் முன்பு கொள்ளைக்காரனாய் இருந்து, பகவான் சந்திரரிடமே தண்டனை பெற்றுச் சிறை சென்று மீண்டவன். பிழைக்க வழியின்றி வந்து நின்ற அவனைத் தண்டித்த நீதவானே தம் இல்லத்தில் வேலைக்கு அமர்த்தினார். இத்தகைய தந்தையாரின் நிழலில் வளர்ந்த பிள்ளை, மனிதரை அவர்தம் தொழிலாலோ பிறப்பாலோ அளவிடும் வழக்கத்தை அறியாது வளர்ந்ததில் வியப்பில்லை.

பின்னர்ப் பர்த்துவானிலே தந்தையார், காய்ச்சற் கொள்ளைநோயால் ஆதரவிழந்த சிறுவர்க்குத் தொழில் கற்பிக்க வேண்டித் தச்சு வேலையும் கடைசலும் உலோக வார்ப்பும் நடைபெறும் பட்டறையொன்றை அமைத்தார். வீட்டிலே பழுதாய்க் கிடந்த பித்தளைப் பாத்திரங்களைத் திரட்டி, அப்பட்டறையிலே சிறு பீரங்கியொன்றை ஜகதீசர் வார்ப்பித்துக் கொண்டார் என்பர். உலோகத்தின் இயல்பைக் கையால் அறியும் பயிற்சி அவருக்கு ஏட்டுக் கல்விக்கு முன்னரே வாய்த்தது.

1869ஆம் ஆண்டிற் கல்கத்தா சென்று முதலில் ஹேயர் பாடசாலையிலும், பின்னர்த் தூய சவேரியார் பாடசாலையிலும் அதன் கல்லூரியிலும் பயின்றார். அங்கே பௌதிகம் கற்பித்த லபோன் பாதிரியார் மாணவர் கண்முன்னே பரிசோதனைகளைச் செய்துகாட்டுவதில் வல்லவர். கருவியைக் கொண்டு இயற்கையோடு உரையாடும் கலையை ஜகதீசர் அவரிடம் கற்றார். நல்லாசிரியர் ஒருவரின் வகுப்பு மாணவன் ஒருவனின் எதிர்காலத்தை எங்ஙனம் வகுக்கின்றது என்பதற்கு இது சான்றாகும்.

மேனாட்டுக் கல்வி

1880ஆம் ஆண்டு மருத்துவம் பயில இலண்டன் சென்றார். முன்னரே பற்றியிருந்த காய்ச்சல் அங்கே மீண்டும் மீண்டும் வந்து வருத்தியது. பிணவறையின் நாற்றமும் உடலுக்கு ஒவ்வாதாயிற்று. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானங்களைப் பயின்றார். பௌதிகப் பேரறிஞராகிய ரேலி பிரபு அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். 1884ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜுப் பட்டமும் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் அவரை வந்தடைந்தன.

அதே 1884ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோன் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் வீட்டு விளக்குக்குரிய விரைவு ஆளியை அமைத்தார். மின்விளக்கு அப்பொழுதுதான் இல்லங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பழைய ஆளிகளைக் கையால் மெல்லத் திருப்பினால் முனைகளும் மெல்லப் பிரியும். பொறி நீண்டு நின்று முனைகளைக் கருக்கும். ஹோம்ஸ் அமைத்த ஆளியிலே கையின் வேகம் எதுவாயினும் உள்ளிருக்கும் வில்லொன்று முனைகளைச் சட்டெனப் பிரித்துவிடும். இன்று நம் சுவர்களிற் கேட்கும் கிளிக் என்னும் ஒலி அக்கருத்தின் எதிரொலியே. பொறியை வெல்லும் முயற்சி அக்காலத்து அறிஞர் பலரும் ஈடுபட்ட முயற்சி என்பதைக் காட்டவே இதனை இங்குக் குறித்தேன்.

குறைந்த ஊதியமும் குறையாத மானமும்

தாயகம் மீண்ட ஜகதீசர், இராசப்பிரதிநிதியாயிருந்த ரிப்பன் பிரபுவின் பரிந்துரையோடு 1885ஆம் ஆண்டிலே கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியராய் அமர்ந்தார். அக்காலத்தில் அப்பதவிக்கு ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. பதில் கடமை என்ற காரணம் காட்டி அதிலும் பாதியே இவருக்கு விதிக்கப்பட்டது. எனவே உடன்பணிபுரிவோர் பெற்றதில் மூன்றிலொரு பங்கே இவர் பங்காயிற்று.

ஜகதீசர் சினந்து வெளியேறவில்லை. அவ்வூதியத்தை ஏற்கவும் இல்லை. மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாது தம் வகுப்புகளைக் குறைவின்றி நடத்தினார். அவ்வாண்டுகளிலே குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது. மக்களின் நன்மை கருதித் தந்தையார் தொடங்கிய தொழில்கள் பல நட்டத்தில் முடிந்திருந்தன. 1887ஆம் ஆண்டிலே அபலா தாஸ் என்னும் மங்கையை அவர் மணந்துகொண்டார். அவ்வம்மையார் கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்திலே 1882இற் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். தமிழ்நாட்டோடு இவ்வாறு தொடர்புடையவர். ஊதியமற்ற கணவரோடு எளிய வாழ்வை இன்முகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

மூன்றாண்டின் முடிவிலே அரசாங்கம் அவர்தம் தகுதியை ஒப்புக்கொண்டு, பணியேற்ற நாள் முதலாகக் கணக்கிட்டு முழு ஊதியத்தையும் ஒருசேர வழங்கியது. அப்பணத்தைக் கொண்டு தந்தையாரின் கடன்களை அடைக்கலானார். கடன் முற்றும் தீர மேலும் சில ஆண்டுகள் சென்றன.

பொறி செய்யும் கேடு

அவர்தம் ஆராய்ச்சிக்குள் நுழையுமுன் பொறியின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று அழுத்தித் தொடும்போதும், அவற்றின் முகம் முழுதும் தொடுவதில்லை. மேடும் பள்ளமுமான முகங்களில் மேடுகள் சிலவே தொடுகின்றன. முனைகள் பிரியத் தொடங்கும்போது அம்மேடுகளும் ஒவ்வொன்றாய் விலக, ஈற்றில் ஒரே புள்ளி எஞ்சுகின்றது. மின்னோட்டம் முழுவதும் அவ்வொரு புள்ளியினூடே நெருக்குண்டு பாய்கின்றது. அப்புள்ளி உருகி நூல்போல் நீண்டு, கொதித்து ஆவியாகி அறுகின்றது. அந்த உலோக ஆவியினூடே மின்னோட்டம் தொடர்ந்து பாயுமாயின் அதுவே மின்வில். அதன் வெப்பம் பல்லாயிரம் பாகை. ஒவ்வொரு முறையும் ஒரு முனையிலிருந்து அணுவளவு உலோகம் பெயர்ந்து மறுமுனையிற் படிவதும் உண்டு. நாளடைவில் ஒன்றிற் குழியும் மற்றொன்றிற் குவியலும் தோன்றும், கரியும் உலோகக் கறையும் மூடும், தொடுகை கெடும். சிலபோது முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பிரிய மறுப்பதும் உண்டு.

சுற்றிலே கம்பிச் சுருள் இருப்பின் இக்கேடு மிகும். சுருளிற் பாயும் மின்னோட்டம் ஓடும் தேர்போன்றது; திடீரென நிறுத்த முயன்றால் நில்லாது முட்டி மோதும். சுருளுள்ள சுற்றைத் துண்டிக்கும்போது வலிய பொறி தோன்றுதலை அமெரிக்க ஆசிரியர் ஜோசப் ஹென்றி 1832ஆம் ஆண்டிலே ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர்ப் பரடேயும் அதனைத் தனித்து ஆராய்ந்தார். 1853ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் பீசோ, பிரியும் முனைகளுக்குக் குறுக்கே கொள்ளளவியொன்றை இணைத்தால் முட்டிவரும் மின்சாரத்தை அது தாங்கிக்கொள்ளும் என்றும், முனைகளிற் பொறி குறையும் என்றும் காட்டினார். தூண்டற்சுருள் என்னும் கருவி அதனாற் பெரிதும் வலிமை பெற்றது.

அத்தூண்டற்சுருளே ஜகதீசரின் கைக்கருவியாயிற்று. அதன் தலைப்பிலே சிறு சுத்தியல் போன்ற அதிர்தகடு ஒன்று உண்டு. அது வினாடிக்குப் பல முறை தானே சுற்றை மூடியும் திறந்தும் இயங்கும். நோக்குமிடத்து அதுவும் ஓர் ஆளியே. இளைப்பாறாத ஆளி எனலாம்.

சிறிய அறையும் பெரிய ஆராய்ச்சியும்

1888ஆம் ஆண்டையொட்டி ஜேர்மனிய அறிஞர் ஹேர்ட்ஸ் மின்னலைகளைத் தோற்றுவித்துக் காட்டினார். அவர் 1894ஆம் ஆண்டின் முதல் நாளிலே இளமையிலேயே இறந்தார். அவர் பணியைப் பற்றி ஒலிவர் லொட்ஜ் ஆற்றிய விரிவுரை ஜகதீசரைக் கவர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் முப்பத்தாறாவது பிறந்த நாளிலே, இனித் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே உரிமையாக்குவதென உறுதிபூண்டார்.

கல்லூரியில் ஆய்வுக்கூடம் என்று ஒன்று அவருக்கு இல்லை. 24 சதுர அடி கொண்ட சிறு அறையொன்றே கிடைத்தது. எழுத்தறிவற்ற தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, அவர் துணையோடு தம் கருவிகளைத் தாமே செய்தார். பாட வேளைகள் முடிந்த பின்னரே ஆராய்ச்சி. செலவும் பெரும்பாலும் தம் ஊதியத்திலிருந்தே.

ஹேர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீண்டவை. நீண்ட அலைகளைச் சிறு அறைக்குள் வைத்து, ஒளியைப் போல வளைத்தும் தெறிப்பித்தும் ஆராய்தல் அரிது. ஆதலின் ஜகதீசர் மிகக் குறுகிய அலைகளைத் தோற்றுவிக்க எண்ணினார். 5 மில்லிமீற்றர் வரை குறுகிய அலைகளை அவர் பெற்றார். வினாடிக்கு 6000 கோடி முறை அதிரும் அலை அது. அதற்கு அலைதோற்றும் உலோக உருண்டையும் சிறிதாதல் வேண்டும். இங்கேதான் பொறி அவரோடு பகைத்தது. உருண்டைகளுக்கிடையே பொறி பாயப் பாய, அவற்றின் முகம் கருகிச் சொரசொரப்பாயிற்று. சொரசொரத்த முகத்திலிருந்து எழும் பொறி ஒழுங்காக அதிராது, அலை நின்றுபோம். பிறர் உருண்டைகளை எண்ணெயில் அமிழ்த்தினர். அடிக்கடி துடைத்து மெருகிட்டனர். சிறு உருண்டையை இவ்வாறு ஓயாது துலக்கிக்கொண்டிருந்தால் ஆராய்ச்சிக்கு நேரம் ஏது?

ஜகதீசர் இரு வழிகளாற் பொறியை வென்றார். ஒன்று, உலோகத்தை மாற்றியது. பிளாற்றினம் எளிதில் உருகாது. காற்றோடு சேர்ந்து கறைபடாது. பொறியின் அரிப்பை நன்கு தாங்கும். இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவே பிளாற்றின உருண்டையை நிறுத்தி, இருபுறமும் பிளாற்றின மணிகளினின்று பொறி பாயுமாறு அமைத்தார். எண்ணெய் தேவையற்றதாயிற்று. மற்றொன்று, பொறியின் தொகையையே குறைத்தது. ஓயாது அடிக்கும் அதிர்தகட்டை அகற்றிவிட்டு, விரலால் அழுத்தும் சாவியொன்றை வைத்தார். ஒரு முறை அழுத்தி விட்டால் ஒரே துண்டிப்பு, ஒரே பொறி, ஒரே அலைவீச்சு. ஒரு பரிசோதனைக்கு ஒரு பொறியே போதும் என்று அவர் கண்டார். ஆயிரம் பொறிகள் செய்யும் ஆரவாரம் கருவியைத் தேய்க்கவும் ஏற்பியைக் குழப்பவுமே உதவும். சுருளையும் மின்கலத்தையும் சிறிய உலோகப் பெட்டியொன்றில் அடைத்து, வேண்டிய திசையில் மட்டும் அலை வெளிச்செல்லக் குழாயொன்றை வைத்தார். பெரிய ஆய்வுக்கூடங்கள் செய்ததைக் கைப்பெட்டி ஒன்று செய்தது.

1895ஆம் ஆண்டு மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் அவர்தம் முதற் கட்டுரை படிக்கப்பட்டது. அதே ஆண்டில் ரேலி பிரபுவின் வாயிலாக அவர் கட்டுரை இலண்டன் அரச கழகத்தை அடைந்தது. கல்கத்தா நகர மண்டபத்திலே, துணைநிலை ஆளுநர் முன்னிலையில், சுவர்களை ஊடுருவி ஏறக்குறைய 75 அடி சென்ற அலையால் மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1897ஆம் ஆண்டு சனவரியிலே இலண்டன் அரச நிறுவனத்தின் வெள்ளிக்கிழமை விரிவுரையில் தம் கைப்பெட்டிக் கருவியை அறிஞர்முன் இயக்கிக் காட்டினார்.

ஈரக் காற்றும் இரும்புத் தொடுகையும்

அலையைத் தோற்றுவித்தால் மட்டும் போதாது. அதனை உணரும் ஏற்பியும் வேண்டும். அக்காலத்து ஏற்பி, உலோகத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய். பிரான்சின் பிரான்லி கண்ட அதனை லொட்ஜ் சீர்ப்படுத்திக் கொஹீரர் என்று பெயரிட்டார். அலை படும்போது தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டியவைபோல் மின்னோட்டத்தைச் செல்லவிடும். மீண்டும் உணரச் செய்ய ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டி உதிர்க்கவேண்டும். ஆளியின் முனைகள் உருகி ஒட்டுவதற்கும் இதற்கும் உறவுண்டு. ஆளிக்குக் கேடாவது இங்கே சிறு அளவிற் பயனாயிற்று.

ஜகதீசர் தூளை நீக்கி, மெல்லிய எஃகு வில்லைகளை வரிசையாய் அடுக்கி, திருகாணியால் அவற்றின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வகை செய்தார். தொடும் புள்ளிகள் எத்தனை, அவை எத்துணை அழுத்தத்தோடு தொடுகின்றன என்பவற்றைத் தம் ஆட்சிக்குட் கொண்டுவந்தார். ஆயின் வங்காளத்தின் வெப்பமும் ஈரமும் வேறொரு பகையாயின. மழைக்காலத்திலே இரும்பும் எஃகும் விரைவிற் கறைபிடித்து உணர்விழந்தன. குளிர்நாட்டு அறிஞர்க்கு இத்துன்பம் அத்துணை தோன்றியிராது. வேறொருவராயின் நாட்டுக் காற்றைக் குறைகூறி மேனாட்டுக்கு ஓடியிருப்பர். ஜகதீசரோ அக்குறையையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். எளிதிற் கறைபிடியாத உலோகம் எது என்று தேடத் தொடங்கியவர், உலோகங்களை ஒவ்வொன்றாய் எடுத்துத் தொடுகையாக்கிச் சோதித்தார். பெரும்பாலானவை அலைபட்டபோது மின்தடை குறைந்தன. பொற்றாசியமோ தடை கூடியது. அலை நின்றதும் தட்டாமலே பழைய நிலைக்கு மீண்டது. 1899ஆம் ஆண்டு அரச கழகத்துக்கு அனுப்பிய கட்டுரையில் இவற்றோடு, இரும்பும் இரசமும் தொடும் ஏற்பியையும் விளக்கினார். 1901ஆம் ஆண்டு டிசம்பரிலே அத்திலாந்திக்குக் கடலைக் கடந்த சைகையைப் பெற மார்க்கோனி பயன்படுத்தியது இரச ஏற்பியே. போசின் 1899ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் அதற்குமுள்ள உறவைப் பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

கலீனா என்னும் ஈயக் கனியத்தின்மேல் உலோக முனை தொடுவதாலும் அலையை உணரலாம் என்று அவர் கண்டார். அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றுப் பொருளீட்டும்படி தந்திக் கம்பனிக்காரர் ஒருவர் நேரில் வந்து வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அறிவை விற்பனைப் பொருளாக்க அவர் மனம் ஒப்பவில்லை. சாரா புல் அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் விடாது முயன்றதாலே 1904ஆம் ஆண்டில் அமெரிக்க உரிமைப் பத்திரம் ஒன்று அவர் பெயரிற் கிடைத்தது. அதன் பயனையும் அவர் நாடாது விட்டார். கலீனாக் கனியமும் மெல்லிய கம்பி முனையும் கொண்ட எளிய வானொலிப் பெட்டிகள் பின்னர் உலகெங்கும் பரவின.

களைத்த உலோகம்

நெடுநேரம் வேலை செய்த ஏற்பி சோர்வதையும், சிறிது ஓய்வு கொடுத்தால் மீண்டும் உணர்வு பெறுவதையும் ஜகதீசர் அவதானித்தார். அதன் வரைகோடு, களைத்த தசையின் வரைகோட்டை ஒத்திருந்தது. உயிருள்ளதும் உயிரற்றதும் ஒரே விதிக்கு அமைந்தனவோ என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பௌதிக மாநாட்டிலும், 1901 மே 10ஆம் நாள் இலண்டன் அரச நிறுவனத்திலும் இதனை எடுத்துரைத்தார். உடற்றொழிலியலார் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அரச கழகம் அவர் கட்டுரையை வெளியிடாது வைத்தது. 1902இல் தம் கண்டவற்றை நூலாகவே வெளியிட்டார். உலோகத் தொடுகையின் மாற்றத்துக்கு அதன் மேலுள்ள மெல்லிய கறைப் படலமும் குறைகடத்தி இயல்பும் காரணம் என்று இன்றைய பௌதிகம் விளக்கும். உலோகத்துக்கு உயிருணர்ச்சி உண்டு என்று விஞ்ஞானிகள் இன்று கொள்வதில்லை. ஆயினும் ஜகதீசரைத் தாவர ஆராய்ச்சிக்கு அழைத்துச் சென்றது அவ்வினாவே.

அங்கும் தொடுகை அவரை விடவில்லை. தொட்டாற்சிணுங்கி இலையின் அசைவைப் புகைபடிந்த கண்ணாடியில் வரைய முயன்றபோது, எழுதும் முனை கண்ணாடியை உராய்ந்ததால் இலையின் மெல்லசைவு தடைப்பட்டது. முனை எப்போதும் தொட்டுக்கொண்டிருப்பதே குற்றம் என்று கண்டார். வினாடிக்குக் குறித்த முறை அதிர்ந்து, கணநேரம் மட்டும் தொட்டு விலகும் முனையை அமைத்தார். கோடு புள்ளிகளாய் விழுந்தது. உராய்வு நீங்கியதோடு, புள்ளிகளை எண்ணினால் காலமும் கணக்காயிற்று. ஒரு பொறியே போதும் என்று சாவியை வைத்த அறிவே, ஒரு கணம் தொட்டாற் போதும் என்று இக்கருவியையும் செய்தது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவி பின்னர்த் தோன்றியது. அதனை ஐயுற்றோர் முன்னிலையில் 1920ஆம் ஆண்டு இலண்டனில் இயக்கிக் காட்டினார். அவ்வாண்டே அரச கழகத்து உறுப்பினரானார்.

ஆராய்ச்சிக் கோயில்

1915ஆம் ஆண்டிற் கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றார். 1917ஆம் ஆண்டிலே சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு தம் பிறந்த நாளாகிய நவம்பர் 30இலே, வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருளைக் கொண்டு கல்கத்தாவிற் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். சிறு அறையிற் பட்ட இடர்கள் இளைஞருக்கு நேரலாகாது என்பதே அவர் நோக்கம். அங்குக் கண்டறியப்படுவன யாவும் பொதுவுடைமை ஆகவேண்டும் என்றும் அவர் விரும்பினார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு ஒரு வாரமிருக்க, கிரிதி என்னும் ஊரிலே உயிர் நீத்தார். அவர்தம் குறுகிய அலைப் பரிசோதனைகளைப் பன்னாட்டு மின்பொறியியலாளர் கழகம் 2012ஆம் ஆண்டில் வரலாற்று மைல்கல்லென அறிவித்துச் சிறப்பித்தது.

நமக்கு உரியது

இவ்வரலாறு நம் தீவகத்துக்கு என்ன சொல்கின்றது? இலங்கை வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஆடலோட்டம். அது வினாடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் திசை மாறுகின்றது. ஆளியில் எழும் பொறியும் அச்சுழியில் மூச்சிழந்து அணைந்துவிடும். சூரியத் தகடும் மின்கலவடுக்கும் தருவதோ நேரோட்டம். அதற்குச் சுழி இல்லை. முனைகள் விலகிய பின்னும் மின்வில் அணையாது நின்று எரியலாம். ஆடலோட்டத்துக்கென்று செய்த ஆளியைச் சூரியத் தகட்டின் கம்பியிற் பொருத்தினால், சில நாளில் முனைகள் கருகும். சிலவேளை ஆளியே தீப்பற்றும். நேரோட்டத்துக்குரிய ஆளியிலே முனைகளின் இடைவெளி அகலம். வில்லின் வேகம் மிகுதி. சிலவற்றில் மின்வில்லை ஒருபுறம் தள்ளி நீட்டி அணைக்கக் காந்தமும் உண்டு. தொடும் முனைகள் பெரும்பாலும் வெள்ளியும் அதன் கலவைகளும். வெள்ளி கறைபடினும் மின்னோட்டத்தை அத்துணை தடுப்பதில்லை. செம்பின் கறை தடுக்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2022ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்யப்பட்டது. தனி வீடுகளிலும் சூரியத் தகடுகள் பெருகுகின்றன. ஆதலால் ஆளியின் முதுகிலே நேரோட்டத்துக்கும் ஆடலோட்டத்துக்கும் தனித்தனியே பொறித்திருக்கும் அளவுகளைப் படித்து வாங்குதல் இனித் தீவகத்தார் ஒவ்வொருவருக்கும் வேண்டிய அறிவாகும்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். ஜகதீசர் தாய்மொழிப் பாடசாலையிற் கற்றவர்; தம் விஞ்ஞானத்தை வங்கமொழியிலும் எழுதியவர். பொறியையும் தொடுகையையும் பற்றிச் சொல்லத் தமிழிற் சொல் உண்டு என்று காட்டுவது தமிழாசிரியனின் கடனே.

தீவகத்திலிருந்து கடல் கடந்து வந்து பயிலும் மாணவர்க்கு ஆய்வுக்கூடம் சிறிதென்றும், கருவி இல்லையென்றும், காற்று உப்பென்றும் மனம் தளரும் வேளைகள் வரும். 24 சதுர அடி அறையும், தகரத் தொழிலாளி ஒருவரின் கையும், மழைக்காலத்து ஈரமும் ஜகதீசர்க்குப் போதுமானவையாயிருந்தன. வங்காளத்து ஈரக் காற்று அவர்க்கு உலோகங்களின் இயல்பைக் கற்பித்தது. நம் உப்புக் காற்றிற் கருகிய ஆளியொன்றைக் கழற்றி எறியுமுன், மின்னிணைப்பினின்று அது நீங்கியிருப்பதை உறுதி செய்துகொண்டு, திறந்து அதன் முனைகளை உருப்பெருக்கியால் நோக்குக. ஒன்றிற் குழியும் மற்றொன்றிற் குவியலும் தெரியும். அவை ஏன் தோன்றின என்று கேட்கும் மாணவன் ஜகதீசர் நடந்த வழியில் முதலடி வைத்தவனாவான்.